குழாய்க்குள் ஒரு பச்சைத் தோட்டம்

கடந்த நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். வாப்பா ஒரு வண்ணத் துண்டுப்பிரசுரத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். அவற்றுக்குள் கடும் பச்சை நிறத்தில் தண்ணீர். பக்கத்தில் வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: "10 பேர்ச் காணி போதும். 600 மீற்றர் கண்ணாடிக் குழாய். நாளொன்றுக்கு 30 கிலோ ஸ்பிருலினா தூள். விளைச்சல் முழுவதையும் நாங்களே வாங்குவோம். முதலீடு 25 இலட்சம் ரூபா மட்டுமே."

வாப்பா கட்டாரில் பதினொரு ஆண்டுகள் சாரதியாக வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவர். ராத்தாவின் திருமணத்துக்கும் எங்கள் படிப்புக்கும் என்று அவர் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி அந்த 25 இலட்சம். முற்பணமாக 50,000 ரூபாவை ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். உம்மா ஒன்றும் பேசவில்லை. வாப்பா என்னைப் பார்த்து, "மகள், நீங்கதானே பயோ படிக்கிறீங்க. இது சரிவருமா எண்டு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள்தான். ஆனால் எங்கள் பாடப் புத்தகத்தில் அல்காவுக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் மிகச் சில. ஆகவே வாப்பாவிடம் ஒரு மாத அவகாசம் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் படித்ததையும் பார்த்ததையும் கணக்கிட்டதையும் இங்கே எழுதுகிறேன். தோழிகளுக்குப் பாடத்துக்கு உதவும். பெற்றோருக்கு வேறு விதத்தில் உதவக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத பயிர்

குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பாசியை நாம் எல்லோரும் அறிவோம். அதே இனத்தைச் சேர்ந்த, தனித்தனிக் கலங்களாக நீரில் மிதந்து வாழும் மிகச் சிறிய உயிர்களையே நுண்ணல்கா என்கிறோம். குளோரெல்லா என்ற பச்சை அல்காவின் ஒரு கலம் ஒரு மில்லிமீற்றரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1890 இல் ஒல்லாந்து விஞ்ஞானி பெய்யரிங்க் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். நாம் ஸ்பிருலினா என்றும் தமிழ்நாட்டில் சுருள்பாசி என்றும் சொல்வது உண்மையில் அல்காவே அல்ல. அது சயனோபற்றீரியா. சுருண்ட நூல் போல இருக்கும். ஆனாலும் அதையும் அல்காவோடு சேர்த்துப் பேசுவதே வழக்கம்.

இவற்றுக்கு வேரும் தண்டும் இல்லை. முழு உடலும் ஒளித்தொகுப்பு செய்யும். பூமியில் நடக்கும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ பாதியைச் செய்பவை கடலில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்கள்தான். நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் ஒரே நாளில் இரண்டு மடங்காகப் பெருகிவிடும். உலர்ந்த சுருள்பாசியில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம். நெல்லுக்கும் தேயிலைக்கும் பருவமும் கவ்வாத்தும் உண்டு. இந்தப் பயிரை நாள்தோறும் அறுவடை செய்யலாம். ஆகவே துண்டுப்பிரசுரம் சொன்னதெல்லாம் பொய் அல்ல. பயிர் உண்மை. குழாயும் உண்மை. பொருந்தாதது எது என்பதைத்தான் தேட வேண்டியிருந்தது.

திறந்த குளத்தில் விளைவது

ஆபிரிக்காவில் சாட் ஏரியைச் சூழ்ந்த கானெம் பிரதேசத்து முஸ்லிம் பெண்கள், மணல் மேடுகளுக்கு நடுவே உள்ள உவர்நீர்க் குட்டைகளில் மிதக்கும் பச்சைப் படலத்தைத் தலைமுறை தலைமுறையாக அள்ளி வருகிறார்கள். அதை மணலில் வார்த்து, வெயிலில் காயவைத்து, துண்டுகளாக வெட்டிச் சந்தையில் விற்பார்கள். "திஹே" என்பது அதன் பெயர். தினைக் களியோடு சேரும் ஆணத்தில் அதைக் கரைத்துப் போடுவார்கள். 1940 இல் டான்ஜார் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றி எழுதினார். 1960களின் நடுவில் பெல்ஜியத்தின் லெயோனார் நேரில் சென்று பார்த்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்களிடம் குழாயும் இல்லை, பம்பியும் இல்லை.

தமிழ்நாட்டில் சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம், கலாநிதி சி. வி. சேஷாத்திரியின் தலைமையில், கிராமத்துப் பெண்கள் சிறு தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கும் முறையைப் பரப்பியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 கிராம் கொடுத்துப் பார்த்து, வைற்றமின் ஏ குறைபாட்டால் கண்ணில் தோன்றும் வெண்புள்ளிகள் குறைந்ததாக அந்நிலையம் அறிக்கை வெளியிட்டது. அதே மாவட்டத்தின் ஊனையூரில் பாரி நிறுவனத்தின் பெரிய சுருள்பாசிப் பண்ணை இருக்கிறது. அங்கும் திறந்த குளங்களே. 15 முதல் 30 சென்ரிமீற்றர் ஆழமுள்ள ஓடுபாதை போன்ற தொட்டிகளில் ஒரு துடுப்புச் சக்கரம் நீரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உலகம் முழுவதும் சுருள்பாசிக்குப் பெரும்பாலும் இதுதான் முறை.

ஏன் திறந்திருந்தும் அது கெடுவதில்லை? சுருள்பாசி வளரும் நீர் கடுமையான காரத்தன்மை உடையது. ஆய்வுகூடங்களில் பயன்படும் சாரூக் கரைசலில் ஒரு லீற்றருக்கு 16.8 கிராம் அப்பச்சோடா இருக்கும். அந்த நீரில் வேறு உயிர்கள் பெரும்பாலும் வாழ முடியாது. வேலி கட்டாமலே வேலி. அதே போல டூனலியெல்லா என்ற அல்கா, உப்பளத்தில் உப்பு படியும் அளவுக்குச் செறிந்த நீரில் வளரும். அதற்கு உப்பே வேலி.

என் பேசினும் கித்துல்கல மழையும்

எங்கள் உயிரியல் ஆசிரியை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம் பழைய மாணவி ஒருவரிடமிருந்து ஒரு போத்தல் சுருள்பாசி வாங்கித் தந்தார். வீட்டு முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் பேசினில் கரைசல் செய்து அதை ஊற்றினேன். முதல் வாரம் அழகாகப் பச்சை ஏறியது. தம்பி ஒவ்வொரு காலையும் ஓடிப்போய்ப் பார்த்தான்.

பிறகு மே மாத மழை வந்தது. களனி கங்கை கலங்கிப் பெருகி ஓடும் அந்த மழையை நம்மூர்ப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேசின் நிரம்பி வழிந்தது. அப்பச்சோடாவும் உப்பும் வெளியே போயின. வேலி கரைந்த பிறகு யாரும் உள்ளே வரலாம் அல்லவா? பத்தாம் நாள் நீர் மஞ்சளாகி, நுளம்புக் குடம்பிகள் துள்ளின. உம்மா "டெங்கு வரப்போகுது" என்று எல்லாவற்றையும் வாழையடியில் கொட்டிவிட்டார்.

அன்று ஒரு கணக்குப் போட்டேன். இங்கே ஆண்டு மழைவீழ்ச்சி 3000 மில்லிமீற்றரைத் தாண்டும். அதாவது 3 மீற்றர். ஒரு வளர்ப்புக் குளத்தின் ஆழம் 20 சென்ரிமீற்றர். ஆகவே குளத்தில் இருக்கும் நீரைப் போலப் பதினைந்து மடங்கு மழைநீர் ஓர் ஆண்டில் அதன் மேல் விழும். ஊனையூரில் முடிவது கித்துல்கலயில் ஏன் முடியாது என்பதற்கு இதுவே பதில். இங்கே கூரையில்லாமல் எதுவும் நடக்காது. அப்படியானால் மூடிய குழாய்தான் வழியா?

மூடினால் என்ன நடக்கிறது?

ஒளி புகக்கூடிய குழாய், தட்டு அல்லது பைக்குள் நீரை அடைத்து அல்கா வளர்ப்பதையே மூடிய வளர்ப்புத் தொகுதி என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் போட்டோபயோரியாக்டர். மழை விழாது. தூசி, பூச்சி, வேற்று அல்கா எதுவும் எளிதில் நுழையாது. நீர் ஆவியாகிப் போகாது. திறந்த குளத்தில் ஒரு லீற்றர் நீரில் அரைக் கிராம் அளவு அல்கா இருக்கும். நல்ல குழாய்த் தொகுதியில் 1 முதல் 3 கிராம் வரை இருக்கும். இவை குழாயின் நன்மைகள். ஆனால் திறந்த குளத்தில் காற்றும் வெயிலும் இலவசமாகச் செய்துவந்த வேலைகளையெல்லாம் மூடியவுடன் நாமே செய்ய வேண்டியதாகிறது. அவை நான்கு.

முதலாவது, உணவூட்டுவது. அல்காவின் உலர் நிறையில் ஏறத்தாழ பாதி காபன். 1 கிலோ அல்கா உருவாக ஏறத்தாழ 1.8 கிலோ காபனீரொட்சைட்டு வேண்டும். மூடிய குழாய்க்குள் காற்று வராது. ஆகவே சிலிண்டரிலிருந்து அளந்து செலுத்த வேண்டும். கூடினால் நீர் அமிலமாகும். குறைந்தால் அல்கா பட்டினி கிடக்கும்.

இரண்டாவது, ஒட்சிசனை வெளியேற்றுவது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ஒளித்தொகுப்பில் வெளிவரும் ஒட்சிசன் குழாய்க்குள் சேர்ந்து, சாதாரண நீரில் கரைந்திருப்பதைப் போல மூன்று நான்கு மடங்காகிவிடும். அந்நிலையில் ஒளித்தொகுப்பே தடைப்படும். நமக்கு உயிர் கொடுக்கும் வாயு அதை உண்டாக்கிய கலத்துக்கே கேடாகிறது. ஆகவே குழாயை நினைத்த தூரம் நீட்ட முடியாது. ஏறத்தாழ 100 மீற்றருக்குள் நீர் ஒரு திறந்த கோபுரத்துக்கு வந்து, ஒட்சிசனை வெளியேற்றிவிட்டுத் திரும்ப வேண்டும்.

மூன்றாவது, குளிர்விப்பது. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் என்ன நடக்குமோ அதுவே குழாய்க்குள்ளும் நடக்கும். சூழலைவிடப் பத்துப் பாகை கூட உயரலாம். சுருள்பாசி 35 பாகை செல்சியஸில் நன்றாக வளரும். பல அல்காக்கள் அதற்கு முன்பே சோர்ந்துவிடும். குழாய் மேல் நீர் தெளிக்கலாம், அல்லது குளிர்நீர்ச் சுருள் பொருத்தலாம். இரண்டுக்கும் செலவு உண்டு.

நான்காவது, கலக்குவதும் துலக்குவதும். மேற்பரப்பில் உள்ள கலங்கள் ஒளியைக் குடித்துவிட, சில சென்ரிமீற்றர் உள்ளே இருட்டு. அதனால்தான் குழாய்கள் மெல்லியவை. எல்லாக் கலங்களும் முறை வைத்து ஒளிக்கு வர வேண்டுமானால் நீர் இரவு பகலாக ஓட வேண்டும். ஓட்டம் குறைந்தால் சுவரில் பாசி பிடிக்கும். பிடித்தால் ஒளி புகாது. பம்பி நின்றால் அல்கா அடியில் படிந்து அழுகும். மின்வெட்டு நாட்களை நினைத்துப் பாருங்கள்.

இவை முடிந்த பின் அறுவடை. லீற்றருக்கு 1 கிராம் என்றால், 1 கிலோ தூள் எடுக்க 1000 லீற்றர் நீரைப் பிரிக்க வேண்டும். சுருள்பாசி நூல் போல் நீளமானது. அதை மெல்லிய துணியில் வடிக்கலாம். குளோரெல்லா துணிக்குள்ளால் ஓடிவிடும். அதற்கு வேகமாகச் சுழலும் மையநீக்கி இயந்திரம் வேண்டும்.

கூரை மேல் தொடங்கிய கதை

மூடிய வளர்ப்பைப் பெரிய அளவில் செய்து பார்க்கும் முயற்சி 1951 இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு கட்டடக் கூரை மேல் தொடங்கியது. போருக்குப் பின் உலகத்துக்கு உணவு போதாமல் போகும் என்ற பயம் இருந்த காலம் அது. கார்னெகி நிறுவனத்தின் பணத்தில் ஆர்தர் டி. லிட்டில் என்ற நிறுவனம் மெல்லிய பொலித்தீன் குழாய்களில் குளோரெல்லா வளர்த்தது. 1953 இல் வெளிவந்த அறிக்கை நூல், செய்ய முடியும் என்று காட்டியது. மலிவாகச் செய்ய முடியும் என்று அதனால் காட்ட முடியவில்லை.

மூடிய தொகுதிகளில் மிகப் பெயர் பெற்றது ஜேர்மனியின் கிளொட்ஸே என்ற சிற்றூரில் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 1.2 ஹெக்டேயர் கண்ணாடி வீட்டுக்குள் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளக் கண்ணாடிக் குழாய். அதற்குள் 700 கனமீற்றர் நீர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நம் நாட்டின் நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். அதைவிட நீளமான குழாயை ஒரு வயலுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். நீரின் கனவளவை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். குழாயின் உள்விட்டம் 4 சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும்.

இவ்வளவு செலவழித்து யார் வளர்ப்பார்கள்? விலை உயர்ந்த பொருள் வேண்டியவர்கள். எமற்றோகொக்கஸ் என்ற நன்னீர் அல்கா, பட்டினியும் கடும் வெயிலும் பட்டால் பச்சை மாறிச் செந்நிறமாகும். அந்தச் சிவப்பு நிறப்பொருள் அஸ்டசாந்தின். சமன் மீனின் சதைக்கு நிறம் தருவதும் அதுவே. இந்த அல்கா மெதுவாக வளரும். சாதாரண நீரில் வளரும். அதற்கென்று வேலி இல்லை. திறந்து வைத்தால் வேறு அல்கா அதை முந்திவிடும். ஆகவே அதைப் பச்சைப் பருவத்தில் மூடி வளர்ப்பது நியாயம்.

மலிவான பொருளுக்காக மூடியவர்களின் கதை வேறு. கிரீன்பியூவல் என்ற அமெரிக்க நிறுவனம் அரிசோனாவில் மின்நிலையப் புகையைக் கொண்டு அல்கா வளர்த்து எரிபொருள் எடுக்க முயன்றது. 2007 இல் அல்கா அறுவடை செய்ய முடியாத வேகத்தில் வளர்ந்து, நெருங்கி, மடிந்தது. செலவும் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கைத் தாண்டியது. 2009 இல் நிறுவனம் மூடப்பட்டது. அதே ஆண்டு எக்ஸன்மோபில், அல்கா எரிபொருள் ஆராய்ச்சிக்கு 60 கோடி டொலர் வரை செலவிடுவதாக அறிவித்தது. 2023 இல் அதுவும் விலகிக்கொண்டது. அவர்களிடம் பணமும் அறிவும் குறையவில்லை. ஒரு லீற்றர் எண்ணெயின் விலைக்குள் குழாயின் செலவு அடங்கவில்லை.

சிலாபத்தில் மாமா காட்டியது

என் மாமா சிலாபத்துக்கு வடக்கே ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறார். விடுமுறையில் வாப்பாவும் நானும் அங்கே போனோம். நம் நாட்டில் நுண்ணல்கா மூடி வளர்க்கப்படுவதை என் கண்ணால் பார்த்த இடம் அதுதான்.

குளிரூட்டிய சிறிய அறை. சுவர் முழுவதும் குழல் விளக்குகள். பரிசோதனைக் குழாயில் தொடங்கி, குடுவை, பெரிய போத்தல் என்று படிப்படியாக அல்கா இடம் மாறுகிறது. கடைசியில் வெளியே உள்ள தாங்கிக்குப் போகிறது. ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு காற்றுக் குழாய் குமிழி விடுகிறது. நிறம் பச்சை அல்ல, தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு. ஏனெனில் அது கீற்றோசெரொஸ் என்ற தயற்றம்.

இறால் முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி முதலில் தன் மஞ்சட்கருவைக் கொண்டு வாழும். ஏறத்தாழ இரண்டு நாளில் அடுத்த பருவத்துக்கு வந்ததும் அதற்கு இரை வேண்டும். அதன் வாய்க்குள் போகும் அளவில் இருப்பது இந்தத் தயற்றம்தான். "ஒரு நாள் இது கெட்டுப்போனா அந்தத் தாங்கியில உள்ள குஞ்சு முழுக்கப் போச்சு" என்றார் மாமா. செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, மருந்து நீரில் காலை நனைத்த பிறகே எங்களை உள்ளே விட்டார்.

வாப்பா அங்கே ஒரு கேள்வி கேட்டார். "மச்சான், இதக் கிலோ என்ன விலைக்கு விக்கிறீங்க?" மாமா சிரித்தார். "இத விக்கிறல்ல மச்சான். இத வச்சுக் குஞ்ச வளத்து, குஞ்சத்தான் விக்கிற." எனக்கு விடயம் அங்கேதான் தெளிவானது. சிறிதளவு சுத்தமான அல்கா, அதைவிடப் பல மடங்கு பெறுமதியான ஒன்றைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் அந்தக் குளிரூட்டியும் விளக்கும் அவர்களுக்குக் கட்டுப்படியாகின்றன.

10 பேர்ச் கணக்கு

வீட்டுக்கு வந்து துண்டுப்பிரசுரத்தை மறுபடி எடுத்தேன். தோழிகளே, இதில் சாதாரண தரக் கணிதத்துக்கு மேல் எதுவும் இல்லை.

முதல் சோதனை, நீரின் அளவு. 600 மீற்றர் குழாய், உள்விட்டம் கிளொட்ஸேயில் உள்ளது போல 4 சென்ரிமீற்றர் அளவு என்றால், உள்ளே நிற்கும் நீர் ஏறத்தாழ 840 லீற்றர். லீற்றருக்கு 3 கிராம் என்று தாராளமாக வைத்தாலும், குழாய் முழுவதையும் வடித்து எடுத்தால் கிடைப்பது 2.5 கிலோ. அதுவும் ஒரே தடவை. நாளுக்கு மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கலாம் என்றால் ஒரு கிலோவும் தேறாது. துண்டுப்பிரசுரம் சொன்னது 30 கிலோ.

இரண்டாவது சோதனை, வெயிலின் அளவு. ஒருவேளை குழாயின் நீளத்தை அச்சில் தவறாகப் போட்டிருப்பார்களோ என்று இதையும் பார்த்தேன். 10 பேர்ச் என்பது 253 சதுர மீற்றர். நம் ஈரவலயத்தில் ஒரு சதுர மீற்றரில் நாளொன்றுக்கு விழும் சூரிய சக்தியை 4.5 அலகு என்று எடுக்கலாம். மின்பட்டியலில் வரும் அதே அலகுதான். மொத்தம் ஏறத்தாழ 1140 அலகு. 1 கிலோ உலர் அல்காவில் அடங்கியிருக்கும் சக்தி 5.8 அலகு அளவு. 30 கிலோவுக்கு 174 அலகு. அதாவது விழும் வெயிலில் 15 சதவீதத்தை அல்கா பிடித்து வைக்க வேண்டும். ஒளித்தொகுப்பு கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சமே 10 சதவீதத்தை ஒட்டியது. நடைமுறையில் நல்ல மூடிய தொகுதிகள் 3 முதல் 5 சதவீதம். 3 சதவீதத்தில் 34 அலகு, ஏறத்தாழ 6 கிலோ. மப்பும் மழையும் தொகுதியைக் கழுவும் நாட்களும் போனால் இன்னும் குறையும்.

மூன்றாவது சோதனை, செலவு. அந்த 6 கிலோவுக்குக் கிளொட்ஸே அளவில் குழாய் வேண்டுமானால், 10 பேர்ச்சுக்குள் 10 கிலோமீற்றர் குழாயும் 15 கனமீற்றர் நீரும் வேண்டும். நீரைச் சுற்ற ஒரு கனமீற்றருக்குக் குறைவாகவே 200 வாட் என்று வைத்தேன். 24 மணி நேரத்துக்கு 72 அலகு மின்சாரம். வெயிலிலிருந்து 34 அலகைச் சேர்க்க மின்சபையிடமிருந்து 72 அலகு வாங்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சுருள்பாசிக்கு இந்தக் குழாயே தேவையில்லை. அதற்கு அப்பச்சோடா வேலி போதும். நம்மூரில் மழைக்கு ஒரு பொலித்தீன் கூரை கூடுதலாக வேண்டும். அவ்வளவுதான். திறந்த தொட்டியில் விளைவித்துச் சந்தைக்கு அனுப்புகிறவரோடு, குழாய்க்குள் அதையே விளைவித்து நாம் விலையில் போட்டியிட முடியுமா?

பெற்றோர் கேட்க வேண்டியவை

வாப்பா கணக்கை இரண்டு தடவை பார்த்தார். பிறகு அந்த நிறுவனத்துக்கு அழைத்து மூன்று கேள்விகள் கேட்டார். இதுவரை எந்த வீட்டில் ஓராண்டு ஓடியிருக்கிறது, போய்ப் பார்க்கலாமா? வாங்கிக்கொள்வோம் என்பதை விலையோடு எழுத்தில் தருவீர்களா? தூளைப் பரிசோதித்த ஆய்வுகூட அறிக்கை இருக்கிறதா? முதல் நாள் "சேரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். அதன் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. முற்பணம் 50,000 இன்றுவரை வரவில்லை. மிச்சம் வங்கியில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மூன்றாவது கேள்வி உண்பவர்களுக்கும் பொருந்தும். இயற்கை ஏரிகளில் அள்ளும் நீலப்பச்சை அல்காவோடு, ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்ரின் நஞ்சை உண்டாக்கும் இனங்களும் கலந்து வரலாம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 1997 இல் இதற்கென ஓர் எல்லையை விதித்தது: 1 கிராம் தூளில் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சுத்தமாக வளர்த்ததா என்று கேட்பது அதனால்தான். இன்னொன்று, சுருள்பாசியில் உள்ள வைற்றமின் பி12 இல் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத வடிவம். அதை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. கூட்டுக்குளிசையாக வாங்கினால், உறையின் ஜெலற்றின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவியர் பயப்படத் தேவையில்லை. இந்தத் துறையில் படிக்க நிறைய இருக்கிறது. தொடங்குவதற்கு 25 இலட்சம் வேண்டாம். எங்கள் வீட்டு யன்னலோரம் இப்போது ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று நிற்கிறது. மூடியில் இரண்டு துளை. ஒன்றில் மீன் தொட்டிக் காற்றுக் குழாய், மற்றதில் பஞ்சு அடைப்பு. அப்பச்சோடா, உப்பு, சிறிதளவு உரம். இதுவும் ஒரு சிறிய மூடிய தொகுதிதான். குச்சியின் நுனியில் வெள்ளைப் பொத்தான் ஒன்றைக் கட்டி, வெளியே எடுத்த மாதிரி நீருக்குள் விட்டு, எத்தனை சென்ரிமீற்றரில் அது மறைகிறது என்று தம்பி நாள்தோறும் குறிக்கிறான். மூன்று சென்ரிமீற்றருக்குள் மறைந்தால் அறுவடைக்குத் தயார். பரிசோதிக்காததால் நாங்கள் அதை உண்பதில்லை. வடித்ததை உம்மாவின் ரோஜாச் செடிக்குப் போடுகிறோம்.

இதை மலருக்கு எழுதட்டுமா என்று வாப்பாவிடம் கேட்டேன். ஏமாந்த கதை வெளியே தெரிவதை விரும்பமாட்டார் என்று நினைத்திருந்தேன். "எழுதுங்க மகள். அந்தக் கடதாசி நம்மட ஊர்ல இன்னும் எத்தன வீட்டுக்குப் போயிருக்கோ" என்றார்.